சாப்பாட்டுக்கு முன் ஒரு சொல், பின் ஒரு சொல்

கேள்வி: என் மகன் நகோயாவில் வேலை பார்க்கிறான். ஏப்ரலில் நானும் கணவரும் அங்கே போகிறோம். அவனுடைய மேலதிகாரி எங்களை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறார். ஜப்பான் பாஷை ஒரு வார்த்தைகூடத் தெரியாது. நாங்கள் சைவம் வேறு. சாப்பிடும்போது என்ன சொல்ல வேண்டும்?
– ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: யோகோஹாமாவில் ஒன்பது வருஷம் குடித்தனம் நடத்தியவள் நான். இரண்டே சொற்களை நன்றாகப் பழகிக்கொண்டு போங்கள்.

முதலாவது 'இத்ததாக்கிமாஸ்'. எல்லோரும் உட்கார்ந்ததும் கைகூப்பிச் சொல்ல வேண்டும். 'பணிவோடு பெற்றுக்கொள்கிறேன்' என்று பொருள். ஒன்றைத் தலைக்கு மேல் உயர்த்தி வாங்கிக்கொள்வதுதான் அதன் வேர். பிரசாதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாயில் போடுகிறோமே, அதே மனசு. என் மகளின் வகுப்பில் மதியம் எல்லாப் பிள்ளைகளும் ஒரே குரலில் சொல்வார்கள். அவள் வீட்டில் ரசம் சாதத்துக்கும் சொல்ல ஆரம்பித்து, எனக்கும் அது ஒட்டிக்கொண்டது.

சாப்பிட்டு முடித்ததும் 'கோச்சிசோஸாமா தெஷ்தா'. முதல் எழுத்தைக் கோவிந்தாவில் வரும் 'கோ' மாதிரி சொல்லுங்கள். இதற்குள் இருக்கும் 'சிசோ'வை எழுதும் இரண்டு எழுத்துகளுக்குமே 'ஓடுவது' என்று அர்த்தம். விருந்தாளிக்காக அங்கும் இங்கும் ஓடிச் சாமான் சேர்த்துச் சமைத்தவருக்கு நன்றி. ஓடி ஓடிச் சமைத்துப் போட்டாள் என்று நாமும்தானே சொல்கிறோம்! ஓட்டலில் டிப்ஸ் வைக்கும் வழக்கம் அங்கே கிடையாது; வெளியே வரும்போது இதைச் சொன்னால் சமையலறையிலிருந்தே பதில் குரல் வரும்.

நடுவில் 'ஒயிஷீ தெஸ்', ருசியாக இருக்கிறது என்று. 'ஒக்காவாரி?' என்று கேட்டால், இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்று கேட்கிறார்கள். வேண்டாம் என்றால் 'கெக்கோ தெஸ்'.

இப்போது சைவம். இதில்தான் கவனம் தேவை. போன புதிதில் மிசோ சூப்பை, சோயா விழுதுதானே என்று பல வாரம் குடித்திருக்கிறேன். அதன் அடிநீருக்கு 'தாஷி' என்று பெயர். பெரும்பாலும் புகையிட்டுக் காயவைத்த சூரை மீனைச் சீவிப் போட்டு எடுப்பார்கள். நம் ஊர் மாசிக் கருவாட்டுக்கு நெருங்கிய உறவு. நூடுல்ஸ் தொட்டுக்கொள்ளும் சாறு, காய்கறிக் கூட்டு எல்லாவற்றிலும் அது இருக்கும். வெறுமே 'இறைச்சி வேண்டாம்' என்றால் இது விடுபட்டுப் போகும். அதனால் 'நிக்கூமோ சக்கானாமோ தாபெமாசென்', அதாவது இறைச்சியும் மீனும் சாப்பிடுவதில்லை. அப்புறம் 'சக்கானா நோ தாஷிமோ தாமே தெஸ்', மீன் தாஷியும் ஆகாது. ஆனால் இதை மேஜையில் சொல்லாதீர்கள். ஓடி ஓடிச் சமைத்தவர் மனசு நொந்துபோகும். பத்து நாள் முன்னாலேயே மகனைச் சொல்லச் சொல்லுங்கள். கொம்பு என்ற கடற்பாசியிலும் தாஷி எடுக்கலாம், அவர்களுக்கே தெரியும்.

குச்சிகளைச் சோற்றில் செங்குத்தாகக் குத்தி வைக்க வேண்டாம், இறந்தவருக்குப் படைக்கும் சோற்றில்தான் அப்படி வைப்பார்கள்.

முடிந்தால் வாக்காயாமா பக்கம் கோயாசான் மலைக்கும் போய்வாருங்கள். அங்கே புத்தக் கோயில்களில் தங்கி, மீனும் வெங்காயமும் சேராத 'ஷோஜின் ரியோரி' சாப்பிடலாம். எள் டோஃபுவைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள்.