லாடம் ஒரு பக்கம் மட்டும் தேய்கிறது, வெல்டிங் வைக்கலாமா?

கேள்வி: சென்னை பனையூரில் சவாரிக்கு இரண்டு குதிரைகள் வைத்திருக்கிறேன். ஒன்றுக்கு வலது முன்னங்கால் லாடம் மூன்றே வாரத்தில் வெளிப்பக்கம் தேய்ந்து மெலிந்துவிடுகிறது. உள்பக்கம் புதிதாகவே இருக்கிறது. லாடம் அடிப்பவர், தேயும் இடத்தில் வெல்டிங் வைத்துத் தருவதாகச் சொல்கிறார். செய்யலாமா?

பதில்: வேண்டாம். வெல்டிங் வைத்தால் லாடம் நாள்படும், சரி. ஆனால் ஏற்கெனவே முதலில் தரையில் படும் பக்கம் இன்னும் உயர்ந்துவிடும். அந்த அடியை மூட்டுதான் வாங்கும்.

கழற்றிய லாடத்தைப் பழைய இரும்புக்குப் போடாதீர்கள். எந்தக் கால், என்ன தேதி என்று எழுதி வையுங்கள். நுனி லேசாகத் தேய்வது இயல்பு. கால் அங்கிருந்துதான் எழும்புகிறது. ஒரே பக்கம் ஒவ்வொரு முறையும் தேய்ந்தால், குளம்பு சமமாக இறங்கவில்லை என்று பொருள்.

சமமான சிமெண்ட் தரையில் குதிரையை உங்களை நோக்கி நேராக நடத்தி வரச் சொல்லி, போனைத் தரையோடு வைத்து ஸ்லோமோஷனில் எடுங்கள். எந்தப் பக்கம் முதலில் படுகிறது என்று தெரிந்துவிடும். பின்னாலிருந்து குதியின் இரண்டு உருண்டைகளையும் பாருங்கள். ஒன்று மேலே தள்ளியிருந்தால் அந்தப் பக்கம் வெகுநாளாக அடி வாங்குகிறது.

பல குதிரைகளில் காரணம் குளம்பைச் சீவுவதில்தான் இருக்கும். ஒரு பக்கத்தை உயரமாக விட்டிருப்பார்கள். அதை ஒரே நாளில் வெட்டிச் சமன் செய்யச் சொல்லாதீர்கள். குளம்பு மாதத்துக்கு 6 முதல் 10 மில்லிமீட்டர்தான் வளரும். நுனிப்பகுதி முழுதும் புதிதாகக் கிட்டத்தட்ட ஓர் ஆண்டு ஆகும். ஐந்து வாரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகச் சீவி, ஒவ்வொரு முறையும் நடத்திப் பார்க்கட்டும். கால் பிறவியிலேயே வளைந்திருந்தால் வளர்ந்த குதிரையில் அதை நிமிர்த்தப் பார்ப்பது கொடுமை. லாடம் சீக்கிரம் தேய்ந்தால் தேயட்டும், மாற்றிக்கொள்ளலாம்.

வட்டத்தில் ஓட்டினால் இரண்டு திசையிலும் ஓட்டுங்கள். அங்கவடி (சவாரி செய்பவர் கால் வைக்கும் வளையம்) வார் இரண்டும் ஒரே நீளமா என்று அளந்து பாருங்கள்.

தேய்மானம் திடீரென்று வந்ததா? குளம்பு சூடாக இருக்கிறதா, தலையை ஆட்டி நடக்கிறதா, கணுவுக்குக் கீழே பின்பக்கம் நாடி பலமாகத் துடிக்கிறதா? இதில் ஒன்று இருந்தாலும் சவாரியை நிறுத்திவிட்டு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டுங்கள். பின்னங்கால் லாடத்தின் நுனி மட்டும் தேய்ந்தாலும் மருத்துவர் பார்க்கட்டும். காலை இழுத்து நடக்கும் குதிரைக்குப் பின்மூட்டிலோ முதுகிலோ வலி இருக்கலாம்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் குளம்பு ஊறி ஆணி தளரும். அந்த மாதங்களில் லாயத் தரையை உலர்வாக வைத்து, தினமும் ஆணிகளைத் தொட்டுப் பாருங்கள்.