வெந்நீர் ஊற்றுக்கு அடியில் வேலை உண்டா?

கேள்வி: மகள் படிவம் 6-இல் இயற்பியலும் கணிதமும் படிக்கிறாள். உலு சிலிம் வெந்நீர் ஊற்றைப் பார்த்ததிலிருந்து பூமிக்கடி ஆராய்ச்சிதான் வேண்டுமாம். சோறு போடுமா?
– ஒரு தாய், சிலிம் ரிவர் தோட்டப்புறம்

பதில்: போடும், அம்மா. ஆனால் புவிவெப்பம் (பூமிக்கடியில் இருக்கும் சூடு) என்று பெயர்ப்பலகை மாட்டிய வேலையை மட்டும் தேடினால் ஏமாற்றம்தான். பெட்ரோலியம், நிலத்தடி நீர், நிலநடுக்கம் எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றே: பாறை இடுக்கில் திரவத்தின் அழுத்தம். அது ஏறினால், பிளவின் இரு பக்கத்தையும் சேர்த்து இறுக்கும் விசை குறைந்து பாறை நழுவும். தென்கொரியாவின் போகாங்கில் 2017-இல் வந்த 5.5 அளவு நிலநடுக்கத்தை, புவிவெப்பக் கிணற்றில் செலுத்திய நீரே தூண்டியது என்று அரசு அமைத்த ஆய்வுக்குழு சொன்னது.

இயற்பியல் பிடித்தால் யுஎஸ்எம்மில் (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்) ஜியோபிசிக்ஸ், அதாவது புவி இயற்பியல். கல்லும் மண்ணும் பிடித்தால் யுகேஎம் (மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம்) அல்லது மலாயாப் பல்கலைக்கழகத்தில் ஜியாலஜி, அதாவது நிலவியல். எதுவானாலும் பைதான் என்ற கணினி மொழியில் நிரல் எழுதப் பழகட்டும். அது இல்லாமல் நிலநடுக்கப் பதிவுகளோடு மல்லுக்கட்ட முடியாது.

களவேலை சொகுசானதல்ல. ஊற்று நீரை 0.45 மைக்ரான் வடிகட்டியில் வடிக்க வேண்டும். உலோக அயனிகளுக்கான புட்டியில் நைட்ரிக் அமிலம் சில துளி. குளோரைடு, சல்பேட்டுக்கான புட்டியில் கூடவே கூடாது. பாறையிலிருந்து கரைந்து வரும் சிலிக்காவை அளக்க எடுத்த நீரை அங்கேயே காய்ச்சி வடித்த நீர் சேர்த்து 10 மடங்கு நீர்க்கச் செய்ய வேண்டும். விட்டுவிட்டால் ஆறும்போது சிலிக்கா திரண்டு அளவு குறைவாகக் காட்டும். அதை வைத்துக் கணக்கிடும் ஆழத்து வெப்பநிலையும் தப்பாகும். ஆகவே வேதியியலைக் கைகழுவ வேண்டாம் என்று மகளிடம் சொல்லுங்கள்.