தீபாவளி லீவில் புனோம் பென் போகலாமா?

கேள்வி: தீபாவளி விடுமுறையை ஒட்டி ஐந்து நாள் கம்போடியத் தலைநகர் புனோம் பென் போக நினைக்கிறோம். நான், கணவர், பதினோரு வயது மகள், 67 வயது மாமியார். மாமியார் சுத்த சைவம். அப்போது அங்கே மழைக்காலம் முடிகிற நேரம் என்கிறார்கள். மழை பயணத்தைக் கெடுத்துவிடுமா? ஆற்றில் நடக்கும் படகுப் போட்டியையும் பார்க்க ஆசை. எப்போது போவது சரி? (வாசகி, கோவை)

பதில்: மழையை அப்புறம் பார்க்கலாம், அது சமாளிக்கக்கூடிய விஷயம்தான். முதலில் நீங்கள் முடிவு செய்ய வேண்டியது வேறொன்று. தீபாவளியும் படகுப் போட்டியும் ஒரே வாரத்தில் வராது. இரண்டுக்கும் நடுவே பதினைந்து நாள் இடைவெளி.

படகுப் போட்டி நடக்கும் நீர்த் திருவிழாவுக்குப் போன் ஓம் தூக் என்று பெயர். கம்போடியர்களின் கெமர் நாள்காட்டியில் கதக் மாதப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் நடக்கும். நம் வீட்டு தினசரி காலண்டரிலேயே இதைக் கண்டுபிடித்துவிடலாம்: தீபாவளி அமாவாசைக்கு அடுத்து வரும் பௌர்ணமிதான் அது. 2023-இல் தீபாவளி நவம்பர் 12, திருவிழா நவம்பர் 26 முதல் 28 வரை. 2024-இல் அக்டோபர் 31-க்குத் தீபாவளி, நவம்பர் 14 முதல் 16 வரை படகுகள். 2025-இல் அக்டோபர் 20, அங்கே நவம்பர் 4 முதல் 6 வரை. கணக்கு பொருந்துகிறது. ஆனாலும் டிக்கெட் போடுவதற்கு முன் அந்த நாட்டு அரசு அறிவிக்கும் விடுமுறைப் பட்டியலை ஒரு முறை பார்த்துவிடுங்கள். விழாவே நடக்காத ஆண்டுகளும் உண்டு. 2011-இல் வெள்ளத்தால் ரத்து. 2015-இல் ஆற்றில் போதுமான தண்ணீர் இல்லை என்று ரத்து. 2020-இல் கொரோனா.

காலண்டரைப் பிரித்த கையோடு இன்னொரு தேதியும் பார்த்துக்கொள்ளுங்கள். நமக்கு மகாளய பட்சம் வரும் அதே தேய்பிறையில் அவர்களுக்குப் பிச்சும் பென். முன்னோர்களுக்காக விடிவதற்கு முன்பே விகாரைக்குப் போய்ச் சோற்று உருண்டை வைக்கிற பதினைந்து நாள். மகாளய அமாவாசையை ஒட்டிய இரண்டு மூன்று நாள் தலைநகரமே சொந்த ஊருக்குக் கிளம்பிவிடும். கடைகள் பாதி மூடியிருக்கும், பஸ்ஸில் இடம் கிடைக்காது. பயணத்தை முன்னால் தள்ளுவதாக இருந்தால் அந்த நாட்களைத் தவிருங்கள்.

சரி, படகா தீபாவளி வாரமா? உங்கள் குடும்பத்துக்கு நான் தீபாவளி வாரத்தைத்தான் சொல்வேன். படகுப் போட்டி அருமையான காட்சி, மறுக்கவில்லை. ஊருக்கு ஒன்றாக விகாரைகளில் பாதுகாத்து வைத்திருக்கும் நீளப் படகுகள், முகப்பில் வரைந்த கண்கள், ஒரு படகில் அறுபது எழுபது பேர் ஒரே மூச்சில் துடுப்புப் போடும் வேகம், இருட்டியதும் விளக்கு அலங்காரத்தோடு மிதந்து வரும் தெப்பங்கள். ஆனால் அந்த மூன்று நாளும் மாகாணங்களிலிருந்து லட்சக்கணக்கில் ஜனங்கள் வருவார்கள். ஆற்றங்கரைச் சாலைகளில் வண்டிகளை விடமாட்டார்கள். அறை வாடகை ஏறிவிடும். 2010 நவம்பர் 22-ஆம் தேதி, திருவிழாவின் கடைசி இரவில், கோ பிச் தீவுக்குப் போகும் பாலத்தில் நெரிசல் ஏற்பட்டு 340-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதன் பிறகு பாதுகாப்பு ஏற்பாடுகள் கூடியிருக்கின்றன என்றாலும், வயதான பெரியவர்களையும் சிறு பிள்ளையையும் அந்தக் கூட்டத்தில் இரவு நேரம் நிறுத்தச் சொல்ல எனக்கு மனம் வராது.

இல்லை, படகைப் பார்த்தே தீருவோம் என்றால் ஒரு வழி இருக்கிறது. ஆற்றங்கரையான சிசோவாத் சாலையிலிருந்து நடக்கும் தூரத்தில், ஆற்றைப் பார்த்த மொட்டைமாடியோ பால்கனியோ உள்ள விடுதியை மாதங்களுக்கு முன்பே பிடியுங்கள். முதல் நாள் பிற்பகல் போட்டியைப் பாருங்கள், கடைசி இரவை விட்டுவிடுங்கள். திருவிழாக் காலத்தில் தெருவோரம் பச்சை அவல் விற்பார்கள். வறுத்த புது நெல்லை உரலில் இடித்துத் தட்டையாக்கியது. வாழைப்பழமும் இளநீரும் சேர்த்து, பௌர்ணமி நிலாவைக் கும்பிட்டுவிட்டுச் சாப்பிடுவது அவர்கள் வழக்கம். உங்கள் மாமியார் எந்தக் கேள்வியும் கேட்காமல் வாங்கிச் சாப்பிடக்கூடியது அது.

தீபாவளி வாரத்தில் போகிறவர்களுக்கும் ஆறு குறை வைக்காது. அரண்மனைக்கு எதிரே தோன்லே சாப் ஆறு மேகாங் ஆற்றில் சேருகிறது. சேர்ந்த கையோடு பசாக் ஆறு பிரிகிறது. நான்கு கிளை போலத் தெரியும் அந்த இடத்துக்குச் சாக்தோமுக் என்று பெயர். மழைக்காலத்தில் மேகாங் பெருகி, தோன்லே சாப்பை விட மட்டம் உயர்ந்துவிடும். உடனே தோன்லே சாப் ஆறு எதிர்ப்பக்கமாக, வடமேற்கே இருக்கும் ஏரியை நோக்கி ஓட ஆரம்பிக்கும். கோடையில் சுமார் 2,500 சதுர கிலோமீட்டர் இருக்கும் அந்த ஏரி, மழை முடியும்போது 10,000-ஐத் தாண்டி, நல்ல வெள்ள ஆண்டுகளில் 15,000 வரை பரவும். மேகாங் வடிந்ததும் ஏரித் தண்ணீர் திரும்பி, ஆறு பழையபடி கடல் பக்கம் ஓடும். நீர்த் திருவிழா கொண்டாடுவது இந்தத் திருப்பத்தைத்தான். ஆனால் ஆறு பஞ்சாங்கம் பார்ப்பதில்லை. பல ஆண்டுகளில் விழாவுக்கு முன்பே, அக்டோபரிலேயே திரும்பிவிடுகிறது.

இதை உங்கள் மகளே கண்டுபிடிக்கட்டும். சிசோவாத் நடைபாதையில் ஊருக்கு முதுகைக் காட்டி, ஆற்றைப் பார்த்து நில்லுங்கள். தண்ணீரில் ஆகாயத்தாமரைக் கொத்துகள் மிதந்து போகும். அவை வலது பக்கம் போனால் ஏரி வடிகிறது, ஆறு திரும்பிவிட்டது. இடது பக்கம் போனால் இன்னும் ஏரிக்குத்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. எந்தப் பக்கமும் போகாமல் சுற்றிச் சுற்றி நின்றால் அதிர்ஷ்டசாலிகள் நீங்கள், திரும்புகிற நேரத்திலேயே வந்திருக்கிறீர்கள். மாலையில் சில டாலர்களுக்கு ஒரு மணி நேரப் படகுச் சவாரி கிடைக்கும். இரண்டு ஆறும் சேரும் இடத்தில் தண்ணீரின் நிறம் மாறுவதைப் பார்க்கலாம். நீர்த் திருவிழா நாட்களில் இந்தச் சவாரிகள் வழக்கம்போல் ஓடாது, அதுவும் நினைவிருக்கட்டும்.

இப்போது மழை. அங்கே மே முதல் அக்டோபர் வரை மழைக்காலம். அதிலும் செப்டம்பர், அக்டோபர்தான் உச்சம். ஆகவே தீபாவளி அக்டோபர் நடுவில் வருகிற ஆண்டில் நீங்கள் நனையத்தான் போகிறீர்கள். நவம்பரில் வந்தால் மழை தேய்ந்து, காலையில் இதமான காற்றுகூட வீச ஆரம்பித்திருக்கும். நம் ஐப்பசி அடைமழையை மனதில் வைத்துக்கொண்டு பயப்படாதீர்கள். அங்கே பெரும்பாலும் பிற்பகலில் இருட்டிக்கொண்டு வந்து, ஒரு மணி அல்லது இரண்டு மணி நேரம் கொட்டித் தீர்த்துவிட்டுப் போகும். நாள் முழுக்கப் பெய்வது எப்போதாவதுதான். 2020 அக்டோபரில் அப்படிப் பெய்து நகரின் தென்பகுதியே மூழ்கியது.

தொல்லை மழையில் இல்லை, மழை நின்ற பிறகு தெருவில் நிற்கும் தண்ணீரில். ஒரு காலத்தில் மழைநீரை வாங்கிக்கொண்ட ஏரிகளை மண் போட்டு மூடிக் கட்டிடம் எழுப்பிவிட்டார்கள். பெங் காக் என்ற ஏரி 2008-க்குப் பிறகு மணல் கொட்டி மூடப்பட்டது. (சென்னைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.) பலத்த மழைக்குப் பின் சில தெருக்களில் கணுக்கால் அளவுக்கு, சமயத்தில் அதற்கு மேலும் நிற்கும். அதில் இறங்கி நடக்காதீர்கள். சாக்கடையும் திறந்த குழியும் கண்ணுக்குத் தெரியாது. ஒரு மணி நேரம் எங்காவது காபி குடித்தபடி உட்கார்ந்தால் பெரும்பாலும் வடிந்துவிடும். ஷூ வேண்டாம், பின்பட்டை உள்ள செருப்பு போதும். கொசுத் தைலம் பகலிலேயே தடவிக்கொள்ளுங்கள், டெங்கு பரப்புகிற கொசு பகலில் கடிப்பது. ஆட்டோவுக்கு பாஸ்ஆப் அல்லது கிராப் செயலி. ஏறினால் உங்களுக்குச் சிரிப்பு வரும்: ஓடுவதில் பெரும்பங்கு நம் ஊர் பஜாஜ் மாதிரி மூன்று சக்கர வண்டிகள்தான். மழை வந்தால் ஓட்டுநர் பக்கவாட்டுத் திரையை இறக்கிவிடுவார்.

ஆக, வெளியில் சுற்றுவதைக் காலையிலும், கூரைக்குக் கீழே பார்ப்பதைப் பிற்பகலிலும் வையுங்கள். அரண்மனை காலையில் திறந்து, மதியம் மூடி, இரண்டு மணிக்கு மறுபடி திறக்கும். தோளும் முழங்காலும் மூடிய உடை கட்டாயம். மேலே துண்டைப் போர்த்திக்கொண்டால் சில நேரம் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அதே வளாகத்தில் வெள்ளித் தகடுகள் பதித்த தரையுள்ள வெள்ளிப் பகோடா இருக்கிறது. எல்லோரும் உள்ளே புத்தரைப் பார்த்துவிட்டு வெளியேறிவிடுவார்கள். நீங்கள் சுற்றுச்சுவர் மண்டபத்தில் நடந்து பாருங்கள். 1903, 1904-ஆம் ஆண்டுகளில் வரைந்த ராமாயணம், கெமர் பாணியில், சுவர் முழுக்க ஓடுகிறது. ஈரம் ஏறி அடிப்பகுதி உரிந்து போயிருக்கிறது. ஆனாலும் அனுமார் எங்கே, ராவணன் எங்கே என்று பாட்டியும் பேத்தியும் தேடிக்கொண்டே போகலாம். மேலே கூரை உண்டு, மழை வந்தாலும் கவலை இல்லை.

பிற்பகலுக்கு என் முதல் தேர்வு, அரண்மனைக்குப் பக்கத்திலேயே உள்ள தேசிய அருங்காட்சியகம். 1920-இல் திறந்த செந்நிறக் கட்டிடம், நடுவில் குளங்களோடு முற்றம். ஓட்டு விளிம்பிலிருந்து மழை கொட்டுவதைப் பார்த்துக்கொண்டே சிலைகளுக்கு நடுவில் உட்காரலாம். தா மலைக்குன்றிலிருந்து வந்த எட்டுக் கை விஷ்ணு கிட்டத்தட்ட மூன்று மீட்டர் உயரம். கோ கேர் என்ற பத்தாம் நூற்றாண்டுத் தலைநகரத்துச் சிற்பங்களில் வாலியும் சுக்ரீவனும் கட்டிப் புரள்வார்கள். அதே தலைநகரத்துக் கோவிலைச் சேர்ந்த பீமனும் துரியோதனனும் உள்நாட்டுப் போர்க் காலத்தில் கொள்ளை போனவர்கள். பாதங்கள் மட்டும் கோவிலிலேயே நின்றன. அந்தப் பாதங்களே சாட்சியாகி, இருவரும் அமெரிக்காவிலிருந்து 2014-இல் வீடு திரும்பினார்கள். கால்களைக் கவனித்துப் பாருங்கள்.

துவோல் ஸ்லெங் சிறையும் சுங் ஏக் கொலைக்களமும் பெரியவர்கள் பார்க்க வேண்டியவை. 1975 முதல் 1979 வரை கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் இயக்கத்தின் ஆட்சியில் என்ன நடந்தது என்று தெரியாமல் அந்த நகரத்தைப் புரிந்துகொள்ள முடியாது. மகளை அழைத்துப் போவது உங்கள் முடிவு. பதினோரு வயதுக்கு அது வேண்டாம் என்பது என் கருத்து. ஒருவர் குழந்தையோடு இருக்க, மாறி மாறிப் போய்வரலாம். மழை முடியும் சமயத்தில் சுங் ஏக்கில் இன்னொன்றுக்கும் தயாராக இருங்கள்: மண் கரைந்து எலும்புத் துண்டுகளும் துணிக் கிழிசல்களும் நடைபாதை ஓரம் மேலே வந்திருக்கும். பணியாளர்கள் அவ்வப்போது சேகரித்து வைப்பார்கள். தொடாமல், நடைபாதையை விட்டு இறங்காமல் நடங்கள்.

சாப்பாட்டில்தான் உங்களுக்கு நிஜமான வேலை. இறைச்சி இல்லை என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள், ஆனால் மீன் சாறு ஊற்றாமல் அவர்களுக்குச் சமையல் ஓடாது. பிரஹோக் என்ற மீன் விழுது வேறு. காய்கறி வறுவலிலும் அது இருக்கும். விடுதி வரவேற்பறையில் சொல்லி, "இறைச்சி, மீன், முட்டை, மீன் சாறு, இறால் விழுது வேண்டாம்" என்று கெமரில் ஒரு தாளில் எழுதி வாங்கி, மாமியார் பையில் வையுங்கள். ஆற்றங்கரைப் பகுதியில் இந்திய உணவகங்கள் உண்டு, சீனச் சைவக் கடைகளும் உண்டு. ஒரு வேளை அங்கே என்று திட்டமிடுங்கள். தெருவில் சுட்ட வாழைப்பழம், கரும்புச்சாறு, மூங்கிலில் வேகவைத்த தேங்காய்ப்பால் சோறான க்ரலான் எல்லாம் பயமில்லை. வாழை இலையில் கட்டிய அன்சோம் வாங்கும்போது மட்டும் கேளுங்கள்: ஒன்றில் வாழைப்பழம், இன்னொன்றில் பன்றி இறைச்சி, வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும்.

கோவையிலிருந்தோ சென்னையிலிருந்தோ போவதென்றால் சிங்கப்பூர், கோலாலம்பூர், பாங்காக் வழியாக மாறிப் போகலாம். பாங்காக்கிலிருந்து பஸ்ஸில் போகலாமே என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். 2025 ஜூனில் தாய்லாந்து, கம்போடியா எல்லைப் பிரச்சினையால் சாலைக் கடவைகளை மூடினார்கள். கிளம்பும் முன் நிலவரம் பார்த்து, வானில் போவதே நல்லது. 2025 செப்டம்பர் முதல் விமானங்கள் இறங்குவது நகருக்குத் தெற்கே சுமார் 20 கிலோமீட்டரில் உள்ள தேச்சோ விமான நிலையத்தில். பழைய வழிகாட்டிகளில் இருக்கும் போச்சென்தோங் விமான நிலையத்தை நம்பி நேரம் கணக்குப் போடாதீர்கள், ஊருக்குள் வர ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். இந்தியர்களுக்கு விசா வேண்டும். சுற்றுலா விசாவை இணையத்தில் அரசுத் தளத்திலேயே எடுங்கள், அதே மாதிரி தோற்றம் காட்டி அதிகப் பணம் கறக்கும் தளங்கள் நிறைய. இறங்குவதற்கு முந்தைய ஏழு நாளுக்குள் இ-அரைவல் படிவத்தையும் நிரப்ப வேண்டும். வேலை மோசடிச் செய்திகளைப் படித்த சொந்தக்காரர்கள் "கம்போடியாவா?" என்று முகம் சுளிப்பார்கள். அது பொய் வேலை வாக்குறுதியை நம்பிப் போனவர்களின் துயரம். திரும்பும் டிக்கெட்டோடு போகிற சுற்றுலாக் குடும்பத்தின் கதை அல்ல. நீங்கள் பார்க்க வேண்டியது கைப்பேசியைத்தான். ஆற்றங்கரையில் பைக்கில் வந்து பறித்துக்கொண்டு போய்விடுவார்கள், சாலை ஓரம் நின்று படம் எடுக்காதீர்கள்.

பணம் டாலராகவே கொண்டு போங்கள். ஒரு டாலருக்குச் சுமார் 4,000 ரியெல். சில்லறை ரியெலில் வரும். இங்கே டாலர் மாற்றும்போதே ஒவ்வொரு நோட்டாகத் திருப்பிப் பாருங்கள். ஓரம் லேசாகக் கிழிந்திருந்தாலோ பேனாக் கீறல் இருந்தாலோ அங்கே டீக்கடையில்கூட வாங்க மாட்டார்கள். ஒன்று, ஐந்து, பத்து டாலர் நோட்டுகளை அதிகமாகக் கேட்டு வாங்குங்கள்.