அமெரிக்க மருத்துவமனையில் நோயாளி அறை விளக்குக்கு ஏன் இரண்டு எர்த்? சீலிங் லைட்டுக்கும் வேண்டுமா?

சென்னையில் உட்கார்ந்து அமெரிக்க மருத்துவமனைகளுக்கு எலெக்ட்ரிக்கல் டிராயிங் போடுவதுதான் என் பிழைப்பு. இந்த இரட்டை எர்த் விஷயத்தில் குட்டு வாங்கியவன் என்பதால் சொல்கிறேன்.

அங்கே இதற்கான விதி என்.இ.சி. எனப்படும் தேசிய மின் விதித்தொகுப்பின் 517.13 பிரிவு. நோயாளியைக் கவனிக்கும் இடத்துக்குப் போகும் சர்க்யூட்டில் எர்த் இரண்டு வழியாக இருக்க வேண்டும். வயர் ஓடும் உலோகப் பைப்போ கேபிளின் கவசமோ தானே ஒரு எர்த்தாகச் செல்லுபடியாக வேண்டும். அதற்குள்ளேயே பச்சை இன்சுலேஷன் போட்ட செம்பு வயர் ஒன்றும் தனியாக ஓட வேண்டும். பைப் ஜாயின்ட் லூஸானால் வயர் இருக்கும், வயர் கழன்றால் பைப் இருக்கும்.

பிவிசி பைப்பில் ஒரு பச்சை வயரை இழுத்தே பழகிய நமக்கு இது வெட்டிச் செலவாகத்தான் தெரியும். எனக்கும் அப்படித்தான், மைக்ரோஷாக் பற்றிப் படிக்கும்வரை. கையில் ஏறத்தாழ 1 மில்லி ஆம்பியர் பாய்ந்தால்தான் நமக்குச் சுருக்கென்று தெரியும். இதயம்வரை கதீட்டரோ பேஸ்மேக்கர் வயரோ செருகியிருப்பவருக்கு அதில் பத்தில் ஒரு பங்கே துடிப்பைக் குலைத்துவிடலாம். தோலின் தடை அங்கே குறுக்கே வராது. எர்த் விட்டுப்போன விளக்கை ஒரு கையாலும் அந்த வயரை மறு கையாலும் நர்ஸ் பிடித்தால், விளக்கில் கசியும் மின்சாரம் அவர் வழியாக நோயாளிக்குப் போகும்; நர்ஸுக்கோ ஒன்றுமே உறைக்காது!

சீலிங் லைட்டுக்கு வருவோம். தரையிலிருந்து ஏழரை அடிக்கு மேல் இருந்தால் சலுகை உண்டு. கை எட்டாத உயரம் அல்லவா? புதிய பதிப்புகளில் இரண்டில் ஒரு வழி போதும். கட்டிலைச் சுற்றி 6 அடி எல்லைக்கு வெளியே இருக்கும் சுவிட்சுக்கும் அதே சலுகைதான்.

நான் மாட்டியது கட்டில் தலைமாட்டு ரீடிங் லைட்டில். சீலிங் லைட்டுக்குக் காட்டிய சாதாரண எம்.சி. கேபிளையே (உலோகக் கவசம் சுற்றிய கேபிள்) அப்படியே சுவரில் கீழே இறக்கிவிட்டேன். அதன் சுருள் கவசம் எர்த்தாகக் கணக்கில் வராது, உள்ளே இருக்கும் பச்சை வயர் மட்டும்தான் வரும். ஆக, ஒரே எர்த். தளம் முழுக்க அதே தப்பு! டிராயிங் சிவப்பு மையோடு திரும்பி வந்தது. ஹெச்.சி.எஃப். என்று குறித்து விற்கும் மருத்துவமனை கேபிளாக ஒவ்வொரு அறையிலும் மாற்றி முடிக்க இரண்டு ராத்திரி போனது.

என்.இ.சி. மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது, எல்லா மாநிலமும் ஒரே பதிப்பில் இருப்பதில்லை. சீலிங் லைட் சலுகையை நம்பி கேபிளைக் குறைக்கும் முன், வேலை நடக்கும் ஊரில் எந்தப் பதிப்பு அமலில் இருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.