டீச்சரிடம் கேளுங்கள்: பிளஸ் டூவை வீட்டிலிருந்தே முடிக்கலாமா?

கேள்வி: என் மகள் கொடைக்கானல் அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்பு முடித்திருக்கிறாள். ஆறாம் வகுப்பிலிருந்து அதே பள்ளிதான். ஐப்பசி, கார்த்திகை வந்தாலே வீசிங். போன வருடம் பாதி நாள் இன்ஹேலரும் கையுமாக வீட்டில்தான் கிடந்தாள். இனி வீட்டிலிருந்தே படிக்கிறேன் என்கிறாள். நாங்கள் ஹோம்ஸ்டே நடத்துகிறோம். வந்து தங்கிய ஒரு குடும்பத்தார், அமெரிக்க ஆன்லைன் பள்ளி ஒன்றில் சேர்த்தால் இரண்டே வருடத்தில் ஹைஸ்கூல் டிப்ளமோ கிடைக்கும், பரீட்சைக்கு எங்கும் போக வேண்டாம் என்றார்கள். அவளுக்கு நர்சிங் படிக்க ஆசை. எதில் சேர்க்கலாம் டீச்சர்?
– வாசகி, பெருமாள்மலை

பதில்: நர்சிங் ஆசையைக் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். நான் அங்கிருந்துதான் ஆரம்பிப்பேன். பி.எஸ்சி. நர்சிங் சேர பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் வேண்டும். அமெரிக்க டிப்ளமோ வேறு கணக்கு. ஒரு பாடத்தை ஏறத்தாழ 120 மணி நேரம் படித்தால் ஒரு கிரெடிட். இருபதுக்கு மேல் கிரெடிட் சேர்ந்தால் டிப்ளமோ. அறிவியலில் இரண்டு மூன்று கிரெடிட்டோடு நிறுத்திக்கொண்டும் அதை வாங்கிவிடலாம். அதைக் கொண்டுபோய் இங்கே ஒரு நர்சிங் கல்லூரியில் நீட்டினால், இது பிளஸ் டூவுக்கு இணைதான் என்று சான்று கொண்டுவரச் சொல்வார்கள். இந்த இணைத்தன்மைச் சான்று வேலையை ஏ.ஐ.யூ. எனும் இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் பல காலமாகச் செய்துவந்தது. 2025-இல் யு.ஜி.சி. எனும் பல்கலைக்கழக மானியக் குழுவும் தனி விதிமுறை வெளியிட்டிருக்கிறது. ஆன்லைனில் படித்த டிப்ளமோ செல்லுமா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்காமல் ஒரு டாலர்கூடக் கட்டாதீர்கள்.

அமெரிக்க டிப்ளமோ நம் ஊருக்குப் புதிதில்லை. 1901-இல் அமெரிக்க மிஷனரிகளின் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய பள்ளிதான் இன்றைய கொடைக்கானல் இன்டர்நேஷனல் ஸ்கூல். 1976-இல் இந்தியாவிலேயே முதலில் ஐ.பி. எனும் சர்வதேசப் பள்ளிப் படிப்பைக் கொண்டுவந்தவர்கள் அவர்கள். அதனால் நம் ஊரில் அமெரிக்கப் படிப்பு என்றாலே ஒரு மரியாதை. அந்த மரியாதையை எல்லா ஆன்லைன் பள்ளிக்கும் தூக்கிக் கொடுக்கக் கூடாது. காக்னியா, மிடில் ஸ்டேட்ஸ் மாதிரி அங்கீகார அமைப்புகள் அங்கே இருக்கின்றன. பள்ளி தன் விளம்பரத்தில் போட்டிருக்கும் முத்திரையை நம்பாமல், அந்த அமைப்பின் பட்டியலில் பள்ளியின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பணம் கட்டினால் சான்றிதழ் அச்சடித்துத் தரும் கடைகளும் அங்கே உண்டு, அந்தக் கடைகளுக்கு அங்கீகாரம் கொடுக்கும் கடைகளும் உண்டு!

வீட்டிலிருந்தே படிப்பது என்று முடிவாகிவிட்டால் என் ஓட்டு என்.ஐ.ஓ.எஸ். எனும் தேசியத் திறந்தநிலைப் பள்ளிக்கு. 1989-இல் மத்திய அரசு தொடங்கியது. ஐந்து பாடம் போதும், அதில் ஒன்று மொழிப்பாடம். ஒருமுறை பதிந்தால் ஐந்து வருடம் செல்லும், அதற்குள் ஒன்பது முறை தேர்வு எழுத வாய்ப்பு. தேறிய பாடம் தேறியதுதான். இந்தத் தடவை உடம்பு முடியவில்லையா, இரண்டு பாடத்தை மட்டும் எழுதிவிட்டு மிச்சத்தை அடுத்த தடவைக்கு வைத்துக்கொள்ளலாம். வீசிங் உள்ள பிள்ளைக்கு இதைவிடத் தோதான ஏற்பாடு கிடையாது. நர்சிங் கவுன்சிலும் என்.ஐ.ஓ.எஸ். பிளஸ் டூவை ஏற்கிறது. ஒன்று மட்டும், பத்தாம் வகுப்பு தேறி இரண்டு வருடம் ஆகாமல் பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ் தர மாட்டார்கள். சீக்கிரம் முடித்துத் தருகிறோம் என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

இனி சங்கடமான விஷயம், செய்முறை. அறிவியல் பாடம் எடுத்தால் ஆய்வகம் உள்ள படிப்பு மையத்துக்குப் போய்ச் செய்துதான் ஆக வேண்டும். நான் வேதியியல் டீச்சர், ரிட்டயர் ஆகிச் சில வருடம் ஆயிற்று. வீட்டிலிருந்து படித்த ஒரு பெண் செய்முறைக்கு முன்னால் என்னிடம் வந்தாள். அமில-காரத் தரம்பார்த்தலை வரி பிசகாமல் ஒப்பித்தாள். கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடும் பியூரெட்டைக் கையில் கொடுத்தேன், குழாயை எந்தப் பக்கம் திருகுவது என்று தெரியவில்லை. வெளிறிய இளஞ்சிவப்பு வந்ததும் நிறுத்த வேண்டிய இடத்தில் அவள் குடுவை பீட்ரூட் சாறாகிவிட்டது. நாலு தடவை செய்தபின் கை வந்துவிட்டது. புத்தியுள்ள பெண்தான், கண்ணாடிச் சாமானைத் தொட்டதே இல்லை, அவ்வளவுதான். ஆகவே மையத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் நேரில் போய் ஆய்வகத்தைப் பாருங்கள். பூட்டிய பீரோவைக் காட்டி அதுதான் லேப் என்றால் வேறு மையம் தேடுங்கள்.

மையம் பெரும்பாலும் கீழேதான் அமையும். தேர்வு ஏப்ரல்–மே, அக்டோபர்–நவம்பர் என இரண்டு பருவம். முதலாவது நமக்கு சீசன். 2024-இல் சுற்றுலா வண்டிகளுக்கு இ-பாஸ் வந்த பிறகும் மே மாதத்தில் மலைப்பாதை எப்படி இருக்கும் என்று ஹோம்ஸ்டே நடத்துகிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இரண்டாவது அடைமழைக் காலம், எந்த வளைவில் மண் சரியும் என்று யாருக்கும் தெரியாது, அவளுக்கு வீசிங் வருவதும் அப்போதுதான். எனவே ஏப்ரல் பருவத்தையே பிடியுங்கள். தேர்வு நாட்களில் வத்தலக்குண்டு, திண்டுக்கல் பக்கம் சொந்தக்காரர் வீட்டில் தங்கவைத்துவிடுங்கள்.

இன்னொன்றை யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்த பெண் கல்லூரிக்குப் போனால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. மருத்துவம், பொறியியல் போன்ற படிப்புகளில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடும் அப்படிப்பட்ட பிள்ளைகளுக்குத்தான். இப்போது டி.சி. வாங்கினால் இரண்டும் போய்விடும். ஐந்து வருடம் படித்துவிட்டு மிச்சம் இரண்டு வருடத்தில் இதை விடுவது எனக்கு மனசில்லை. குளிர்தான் காரணம் என்று டாக்டர் சொன்னால், கீழே உறவினர் வீட்டில் தங்கி அங்குள்ள அரசு மேல்நிலைப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு சேர முடியுமா என்று முதலில் பாருங்கள். வீட்டை விட்டுப் போக மாட்டேன் என்று அழுவாள். நர்சிங் படிக்கவும் வீட்டை விட்டுத்தானே போக வேண்டும்? அது நடக்காது என்றால் என்.ஐ.ஓ.எஸ்.

கேள்வி: பிளஸ் டூவில் கணக்கில் மட்டும் பெயில். கீழே ஒரு டுட்டோரியலில், ஓப்பன் ஸ்கூலில் சேர்ந்தால் பாஸ் கேரண்டி என்று மொத்தமாகப் பணம் கேட்கிறார்கள். அப்பாவுக்கு கேரட் போட்ட கடனே இருக்கிறது. கட்டலாமா?
– மன்னவனூர் வாசகர்

பதில்: கட்டாதே தம்பி. நம் போர்டில் நீ எழுத வேண்டியது ஒரே பாடம். திறந்தநிலைப் பள்ளிக்கு மாறினால் தேறிய பாடங்களில் அதிகபட்சம் இரண்டைத்தான் எடுத்துக்கொள்வார்கள், மிச்சம் மூன்றைப் புதிதாக எழுத வேண்டும். கணக்கில் பெயிலானவன் என்றாலும் இந்தக் கணக்கு உனக்கே புரியும். நீ படித்த பள்ளிக்குப் போய்த் துணைத்தேர்வுக்குப் பதிவு செய். கேரண்டி என்று எவன் சொன்னாலும் எழுந்து வந்துவிடு.

கேள்வி: டெக்சாஸில் இருக்கும் என் மகள் தன் பையனை வீட்டிலேயே படிக்கவைக்கிறாள். பள்ளி முடித்ததற்கான டிப்ளமோவில் அவளே கையெழுத்துப் போடுவாளாம். அப்படியெல்லாம் சட்டம் உண்டா?
– வாசகர், பண்ணைக்காடு

பதில்: உண்டு ஐயா. அமெரிக்காவில் 50 மாநிலங்களிலும் வீட்டுப் பள்ளி சட்டப்படி செல்லும், விதிதான் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். டெக்சாஸில் வீட்டுப் பள்ளியைத் தனியார் பள்ளிக் கணக்கில் வைக்கிறார்கள், எனவே டிப்ளமோ தருவதும் பெற்றோரே. கல்லூரிகள் அந்தக் கையெழுத்தோடு நிறுத்திக்கொள்வதில்லை. என்னென்ன பாடம், எத்தனை கிரெடிட், என்ன கிரேடு என்று ஆண்டுவாரியான பட்டியல் கேட்பார்கள், எஸ்.ஏ.டி. எனும் கல்லூரிச் சேர்க்கைத் தேர்வின் மதிப்பெண் இருந்தால் பையனுக்குக் கூடுதல் பலம். ஒன்பதாம் வகுப்பிலிருந்தே அந்தப் பட்டியலை எழுதிவைக்கச் சொல்லுங்கள். பேரனை இங்கே கல்லூரியில் சேர்க்கும் எண்ணம் உங்களுக்கு இருந்தால் இப்போதே மகளிடம் பேசிவிடுங்கள். அம்மா கையெழுத்துப் போட்ட டிப்ளமோவை வைத்துக்கொண்டு இங்கே இணைத்தன்மைச் சான்று வாங்குவது பெரும்பாடு.