சின்னச் சின்ன உதவிகளுக்குக் கிறிஸ்தவ வாழ்வில் உண்மையிலேயே மதிப்பு இருக்கிறதா?

இருக்கிறது. ஆனால் இரட்சிப்புக்கு (பாவத்திலிருந்து கிடைக்கும் மீட்புக்கு) அது விலை அல்ல. பைபிளில் எபேசியர் 2:8-10 கிருபையை, அதாவது தேவன் இலவசமாகத் தரும் தயவை, முதலில் வைத்து, நற்கிரியைகளை அதற்குப் பிறகுதான் சொல்கிறது. இந்த வரிசையைத் தலைகீழாக்கினால் உதவி கணக்குப் புத்தகமாகிவிடும்.

மத்தேயு 10:42-இல் பலன் உண்டு என்று இயேசு சொல்வது ஒரு கலசம் தண்ணீர் கொடுப்பதற்கு, அவ்வளவுதான். அப்போஸ்தலர் 9-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். யோப்பா ஊரில் தபீத்தாள் என்ற சீஷி இறந்தபோது விதவைகள் அழுதுகொண்டே அப்போஸ்தலன் பேதுருவிடம் காட்டியது அவள் தைத்துக் கொடுத்த அங்கிகளை. அவள் பேசிய ஒரு வார்த்தைகூட அங்கே பதிவாகவில்லை (எனக்கு மிகவும் பிடித்த இடம் இது).

நடைமுறையில் பலர் சறுக்குவது, "ஏதாவது வேணும்னா சொல்லுங்க" என்பதில். கஷ்டத்தில் இருப்பவர் கேட்கமாட்டார். "வியாழக்கிழமை இரவுச் சாப்பாடு கொண்டுவரட்டுமா?" என்று நாளும் பொருளும் சொல்லிக் கேளுங்கள், அவர் ஆமாம் என்று மட்டும் சொன்னால் போதும். வெறும் வாழ்த்துச் சொல்லி அனுப்புவதை யாக்கோபு 2:16 கடிந்துகொள்கிறது.

நோயாளியைப் பார்க்கப் போனால் பத்து, பதினைந்து நிமிடம் போதும். ஜெபம் சுருக்கமாக இருக்கட்டும். "ஏன் இப்படி ஆச்சு" என்று விளக்கம் சொல்லப் போகாதீர்கள். எல்லாவற்றையும் இழந்து நோயில் கிடந்த யோபுவைப் பார்க்க வந்த நண்பர்கள் ஏழு நாள் வாய் திறக்காமல் உட்கார்ந்தது வரை சரியாகத்தான் செய்தார்கள்.

இன்னொரு சறுக்கல்: அடுத்தவர் கஷ்டத்தை அவர் அனுமதியில்லாமல் ஜெபக்குறிப்பாக, அதாவது மற்றவர்கள் ஜெபிக்க வேண்டிய விஷயமாக, அறிவிப்பது. பக்தி வேஷம் போட்ட வம்புதான் அது.