குவாய் நதிப் பாலம்: நேயர் கேள்விகளும் பதில்களும்

இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியரிடம் சிக்கிய பிரிட்டிஷ் கைதிகள் தாய்லாந்து-பர்மா ரயில்பாதைக்குப் பாலம் கட்டும் கதைதான் இந்தப் படம்.

கே: படம் முதலில் எங்கே வெளியானது? எத்தனை ஆஸ்கர்?

ப: லண்டனில், 1957 அக்டோபர் 2 அன்று. டிசம்பரில் அமெரிக்காவில். எட்டுப் பரிந்துரைகளில் ஏழு விருது. சிறந்த படம், இயக்குநர் டேவிட் லீன், நடிகர் அலெக் கின்னஸ் எல்லாம் அதில் அடக்கம். ஜப்பானிய முகாம் தலைவர் சைட்டோவாக நடித்த செசுவே ஹயகாவாவுக்குத்தான் கிடைக்கவில்லை.

கே: திரைக்கதை விருது நாவலாசிரியருக்கே போனதாமே?

ப: ஆமாம், அது அநியாயம். நாவலாசிரியர் பியர் பூல் பிரெஞ்சில் எழுதியவர். திரைக்கதை எழுதியவர்கள் கார்ல் ஃபோர்மன், மைக்கேல் வில்சன். இருவரும் ஹாலிவுட் கறுப்புப் பட்டியலில் (கம்யூனிஸ்ட் என்ற சந்தேகத்தில் வேலை மறுக்கப்பட்டவர்கள்) இருந்ததால் பெயர் போடவில்லை. 1984-இல் அகாடமி தவறைத் திருத்தியது, ஆனால் விருதை வாங்க இருவருமே உயிரோடு இல்லை.

கே: பாலத்தை நேரில் பார்க்கலாமா?

ப: படத்தில் வந்த மரப்பாலத்தை இலங்கையில், கித்துல்கலயில் களனி ஆற்றின் மேல் கட்டி, 1957 மார்ச்சில் ரயிலோடு தகர்த்துவிட்டார்கள். கரையில் அஸ்திவாரம் மட்டும் இருக்கிறது. உண்மையான இரும்புப் பாலம் தாய்லாந்தின் காஞ்சனபுரியில். இன்றும் ரயில் போகிறது. வளைந்த சட்டங்களுக்கு நடுவே இரண்டு மட்டும் கோணலாக நிற்கும். குண்டுவீச்சில் விழுந்தவற்றுக்குப் பதில் போருக்குப் பிறகு வைத்தவை. படத்தை வரலாறாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கே: படத்தில் கைதிகளின் தலைவராக வரும் கர்னல் நிக்கல்சன் நிஜ மனிதரா?

ப: இல்லை. உண்மையான பாலத்தைக் கட்டிய கைதிகளின் மூத்த பிரிட்டிஷ் அதிகாரி ஃபிலிப் டூசி. அவருடைய ஆட்கள் கரையானைப் பிடித்துவந்து மரத்தூண்களில் விட்டார்கள், கான்கிரீட்டை வேண்டுமென்றே மோசமாகக் கலந்தார்கள். எதிரிக்காகப் பெருமையோடு பாலம் கட்டிய நிக்கல்சனை அவர்மேல் ஏற்றாதீர்கள்.

கே: சார், பாலம் நிஜமாகவே வெடித்ததா?

ப: மூன்றாவது முறை இதே கேள்வி. மேலே பாருங்கள்.

கே: ஐயா, எங்கள் தாத்தா மலாயாவின் பேராக் தோட்டத்திலிருந்து சயாம் மரண ரயிலுக்குப் போனவர். படத்தில் தமிழர் ஒருவர்கூட இல்லையே?

ப: இல்லை, தம்பி. தாய்லாந்தையும் பர்மாவையும் இணைத்த அந்த 415 கிலோமீட்டர் பாதையில் நேச நாட்டுக் கைதிகள் 12,000-க்கு மேல் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்களின் சாவு அதைப் போலப் பல மடங்கு. 90,000 வரை மதிப்பிடுகிறார்கள். மலாயாவிலிருந்து மட்டும் 70,000-க்கு மேற்பட்டோர் போனார்கள், பெரும்பாலும் தோட்டத் தமிழர். காலராவில் கூட்டங்கூட்டமாகச் செத்தார்கள். முகாம்களில் அவர்களுக்குப் போதிய மருத்துவரும் இல்லை, சாவுக்கு ஒழுங்கான கணக்கும் இல்லை. தாத்தா சொன்னது ஏதும் வீட்டில் யாருக்காவது நினைவிருந்தால் இன்றே எழுதிவையுங்கள்.

கே: படம் கைதிகளின் கதைதானே? தமிழரைக் காட்டாதது எப்படிக் குற்றமாகும்?

ப: லீன்மேல் குற்றம் சொல்லவில்லை, ஐயா. நாற்பது தடவையாவது பார்த்திருப்பேன், இன்னும் பிடிக்கும். ஆனால் உலகம் அந்த ரயில்பாதையை இந்தப் படத்தின் வழியாகத்தான் தெரிந்துகொண்டது. காஞ்சனபுரிப் போர்க் கல்லறையில் இருக்கும் ஏறக்குறைய 7,000 கைதிகளில் பெரும்பாலானோருக்குத் தனித்தனிக் கல் உண்டு, பெரும்பாலானவற்றில் பெயரும் வயதும் இருக்கும். பேராக்கிலிருந்து போன அந்தத் தாத்தாவோடு சேர்ந்து போய்த் திரும்பாதவர்களுக்கு அப்படி ஒரு கல் எங்கே இருக்கிறது?